நடுவர் இல்லாத பட்டிமன்றமும் தீர்ப்பு விற்கும் கடைகளும்

எங்கள் பக்கத்துத் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவுக்கு வந்தவர்களுக்கு என்னைத் தெரிந்திருக்கும். பட்டிமன்ற மேடையின் ஓரத்தில், கையில் ஸ்டாப்வாட்சும் முன்னால் பித்தளை மணியுமாக உட்கார்ந்திருக்கும் வழுக்கைத் தலை நான்தான். ஆறாவது நிமிடம் ஒரு மணி, ஏழாவது நிமிடம் இரண்டு மணி. மேடையில் பேச எனக்கு வராது. ஆனால் இத்தனை பொங்கலுக்கு மணி அடித்ததில், யார் பேச்சு எடுபட்டது, யாருடையது புஸ்ஸென்று போனது என்று கூட்டத்தின் தலையசைப்பை வைத்தே சொல்லிவிடுவேன். கடைசியில் நடுவர் எழுந்து, இரண்டு அணியையும் ஆளுக்கு நாலு வார்த்தை புகழ்ந்துவிட்டு ஒரு பக்கம் தீர்ப்புச் சொல்வார். தோற்ற அணி முணுமுணுக்கும். கேசரி வரும். ஆட்டம் முடிந்தது.

அமெரிக்க ஜனாதிபதி வேட்பாளர்கள் விவாதத்தில் எல்லாம் உண்டு, இந்த நடுவர் மட்டும் கிடையாது. கேள்வி கேட்க ஆள் இருக்கிறது, நேரம் காட்ட விளக்கு இருக்கிறது, மைக்கை அணைக்கப் பொத்தான் இருக்கிறது. தொண்ணூறு நிமிடம் ஆனதும் இரண்டு பேரும் இறங்கிப் போய்விடுகிறார்கள். யார் ஜெயித்தார் என்று தெரிய வேண்டுமென்றால் தீர்ப்பை வெளியில்தான் வாங்க வேண்டும். அதற்கென்றே கடைகள் இருக்கின்றன. உடனடிக் கருத்துக்கணிப்பு, டிவி மேஜை நிபுணர்கள், திரையின் அடியில் ஏறி இறங்கும் கோடு, பந்தயச் சந்தை, யார் வேண்டுமானாலும் க்ளிக் பண்ணலாம் என்கிற இணைய ஓட்டு. 2012இல் முதல் ஓட்டுப் போட்டதிலிருந்து எல்லாக் கடையிலும் சரக்கு எடுத்திருக்கிறேன். எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாத பென்சில்வேனியாவில், அதுவும் பக்ஸ் கவுண்டியில் குடியிருப்பவனுக்கு இதிலிருந்து தப்பிக்க வழியில்லை. தேர்தல் வருஷத்தில் எங்கள் தபால்பெட்டி படுகிற பாட்டைப் பார்த்தால் உங்களுக்கே பாவமாக இருக்கும். 2028க்கு முன்னால் யாருக்காவது பயன்படட்டும் என்று இந்த விமர்சனம்.

முதலில் அந்த ராத்திரியைச் சொல்லிவிடுகிறேன். 2024 செப்டம்பர் 10, செவ்வாய்க்கிழமை. கமலா ஹாரிஸும் டொனால்ட் டிரம்ப்பும் ஃபிலடெல்ஃபியாவில், தேசிய அரசியல் சாசன மையத்தில் ஒன்பது மணிக்கு மேடை ஏறுகிறார்கள். பென்சேலத்தில் ஓர் இந்திய உணவகம் ‘விவாத இரவு’ என்று வாசலில் போர்டு வைத்திருந்தது. பெயர் வேண்டாம், நல்ல மனுஷர். தலைக்கு 22 டாலர், டீ எவ்வளவு வேண்டுமானாலும். நானும் நியூ ஜெர்சி எடிசனிலிருந்து வந்த மச்சானும் இன்னும் பத்துப் பேரும் ஒரு நீள மேஜையைப் பிடித்தோம்.

சாப்பாட்டுக்குத் தாராளமாக நாலு நட்சத்திரம். மசாலா விங்ஸில் கறிவேப்பிலையைப் பொரித்துத் தூவியிருந்தார்கள். மெதுவடை நடுவில் மாவாக இல்லாமல் வெந்திருந்தது, இந்த ஊரில் அதுவே சாதனை. ஆனால் டிவிக்கு அரை நட்சத்திரம்கூடத் தர மாட்டேன். கேபிளை எடுத்துவிட்டு இன்டர்நெட் வழியாக ஓட்டினார்கள். படம் நாற்பது நொடி பின்தங்கி வந்தது. பக்கத்து மேஜைப் பையன் ஒருவன் ஃபோனில் பார்த்துக்கொண்டிருந்தான், அவனுக்கு முன்னாடியே வந்துவிடும். அவன் முதலில் சிரிப்பான், நாற்பது நொடி கழித்து நாங்கள் சிரிப்போம். ஒரு கட்டத்தில் அவன் வாயிலிருந்த டீ மேஜைமேல் தெறித்தது. என்னவோ வரப்போகிறது என்று எங்கள் மேஜை மொத்தமும் வாயை மூடிக்கொண்டு திரையையே பார்த்தது. வந்தது. ஒஹாயோ மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் குடியேறிகள் நாயைத் தின்கிறார்கள், பூனையைத் தின்கிறார்கள் என்றார் டிரம்ப். கேள்வி கேட்ட டேவிட் மியூர், அந்த ஊர் நகர நிர்வாகியிடமே விசாரித்தோம், நம்பத்தகுந்த புகார் எதுவும் இல்லை என்றாராம் என்று அங்கேயே திருத்தினார். சிரிப்புக்கு எங்கள் பக்கம் பாதி வேகம்தான் மிச்சம் இருந்தது.

நான் வழக்கம்போல நோட்டும் ஸ்டாப்வாட்சும் கொண்டு போயிருந்தேன். மச்சான் தலையில் அடித்துக்கொண்டார். இருக்கட்டும், தொழில் பழக்கம். என் கணக்கில் டிரம்ப் ஐந்து நிமிடத்துக்கு மேலேயே கூடுதலாகப் பேசினார். பிறகு சி.என்.என். வெளியிட்ட கணக்கும் கிட்டத்தட்ட அதுதான்: அவருக்கு 43 நிமிடம், ஹாரிஸுக்கு 38க்குச் சற்றுக் குறைவு. பட்டிமன்றத்தில் மணி அடித்தும் நிறுத்தாதவர் அநேகமாகத் தோற்பார். இங்கேயும் அப்படித்தான் தெரிந்தது.

நோட்டில் நான் பெரிய வட்டம் போட்ட இடம் ஒன்று உண்டு. குடியேற்றம் பற்றிய கேள்வி. அது ஹாரிஸுக்குப் பலவீனமான தலைப்பு. அவர் அதற்குக் கொஞ்சம் பதில் சொல்லிவிட்டு, நீங்களே ஒரு டிரம்ப் கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள், ஜனங்கள் சலித்துப்போய் பாதியிலேயே எழுந்து போகிறார்கள் என்று ஒரு தூண்டிலைப் போட்டார். அடுத்துக் கேள்வி டிரம்ப்புக்கு. தனக்குச் சாதகமான தலைப்பை வைத்துக்கொண்டு, எல்லைச் சட்டத்தைப் பற்றிப் பேச வேண்டிய மனுஷர், என் கூட்டத்தை விட்டு யாரும் போவதில்லை என்று ஆரம்பித்தார். எங்கள் மேஜையில் ஒருவர், ‘மாட்டிக்கிட்டான்யா’ என்றார். பட்டிமன்றத்தில் எதிரணியை அதன் தலைப்பிலிருந்தே கிளப்பி விடுகிற கலை இது. நான் ஹாரிஸுக்குப் பத்துக்கு ஒன்பது போட்டேன்.

இதே நோட்டில் இன்னொரு இடம் காலியாகக் கிடந்தது. அதைப் பற்றி அப்புறம்.

பந்தயம் ஒரு ட்ரே மட்டன் பிரியாணி. யார் ஜெயித்தார் என்பதற்குச் சண்டை வரக்கூடாது என்று வாட்ஸப்பில் எழுத்துப்பூர்வமாகவே ஒப்பந்தம் போட்டிருந்தோம்: சி.என்.என். அன்றிரவு வெளியிடும் கணிப்பில் யாருக்கு அதிகமோ அவர் ஜெயித்தவர். நான் ஹாரிஸ் பக்கம், மச்சான் டிரம்ப் பக்கம். நாங்கள் பில்லைக் கட்டிக்கொண்டிருந்தபோது மன்னார்குடியிலிருந்து அம்மா ஃபோன். அங்கே காலை எட்டேகால். “நம்ம துளசேந்திரபுரத்துப் பொண்ணு ஜெயிச்சிடுச்சாமேடா, டிவியில ஓடுது” என்றார். ஹாரிஸின் தாத்தா கோபாலன் ஊர் துளசேந்திரபுரம், எங்களுக்குக் கூப்பிடு தூரம். ஆமாம்மா, நல்லாப் பேசினாங்க என்றேன். “அப்போ இனிமே அவதானே பிரசிடென்ட்?” என்று கேட்டார். சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அம்மாவின் கேள்வியைத்தான் நானும் பன்னிரண்டு வருஷமாக, கொஞ்சம் படித்தவன் தோரணையில், கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரவு கணிப்பு வந்தது. 63க்கு 37, ஹாரிஸ். பிரியாணி எனக்கு.

இந்தக் கணிப்புக் கடையைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இருப்பதில் உருப்படியான கடை இதுதான். சி.என்.என்.னுக்காக நடத்துவது எஸ்.எஸ்.ஆர்.எஸ். என்ற நிறுவனம், எங்கள் பென்சில்வேனியாவின் கிளென் மில்ஸ்காரர்கள். தெருவில் போகிறவரைப் பிடித்துக் கேட்பதில்லை. விவாதத்தைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்ன, பதிவு செய்த வாக்காளர்களை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொண்டு, முடிந்ததும் ஃபோனில் குறுஞ்செய்தி அனுப்பிக் கேட்கிறார்கள். அன்று 605 பேர். பிழை வரம்பு 5.3 புள்ளி. நாட்டின் கருத்து இது என்று அவர்களே சொல்வதில்லை, பார்த்தவர்களின் கருத்து என்றுதான் போடுகிறார்கள். அளவுகோல் நேர்மையானது. அதே கடை அதே வருஷம் ஜூன் 27 விவாதத்தில் டிரம்ப்புக்கு 67, ஜோ பைடனுக்கு 33 என்று சொன்னது. பார்த்தவர்களில் அதை மறுக்க யாருக்கும் மனசாட்சி வந்திருக்காது.

அப்புறம் என்ன குறை என்றால், பொட்டலத்தின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருப்பது உள்ளே இருக்கும் சரக்கு இல்லை. 2012 அக்டோபர் 3, டென்வர். மிட் ராம்னிக்கு 67, ஒபாமாவுக்கு 25 என்றது கணிப்பு. எனக்கு அப்போது முதல் தேர்தல், ரத்தம் சூடு. ஒபாமா அவ்வளவுதான் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நவம்பரில் ஒபாமா 332 தேர்வாளர் வாக்குகளோடு ஜெயித்தே விட்டார். 2016இல் புத்தி வந்திருக்க வேண்டாமா? முதல் விவாதம், 8 கோடியே 40 லட்சம் பேர் பார்த்தது, ஹிலாரி கிளிண்டனுக்கு 62, டிரம்ப்புக்கு 27. இரண்டாவதும் ஹிலாரி. மூன்றாவதும் ஹிலாரி. மூன்றுக்கு மூன்று! பட்டிமன்றமாக இருந்தால் சுழற்கோப்பையை வீட்டுக்கே எடுத்துப் போயிருக்கலாம். தேர்தலில் ஜெயித்தது டிரம்ப். 2004இல் ஜான் கெர்ரிக்கும் இதே கதைதான் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 2020இல் பைடன் விவாதத்திலும் ஜெயித்தார், தேர்தலிலும் ஜெயித்தார். அதை வைத்துக்கொண்டு கடையை நம்பினால், ஓடாத கடிகாரமும் ஒரு நாளைக்கு இரண்டு தடவை சரியான நேரம்தான் காட்டுகிறது.

ஒவ்வொரு நாலு வருஷமும் எங்கள் குழுவில் ஒருவர் கென்னடி-நிக்சன் கதையை ஃபார்வேர்ட் செய்வார். 1960இல் டிவியில் பார்த்தவர்கள் கென்னடி என்றார்கள், ரேடியோவில் கேட்டவர்கள் நிக்சன் என்றார்கள், நிக்சனின் வியர்வைதான் ஆட்சியை மாற்றியது. கேட்க நன்றாக இருக்கிறது. அந்த ரேடியோ சங்கதி ஒரே ஒரு சின்னக் கணிப்பில் தொங்குகிறது, ரேடியோவில் கேட்டவர்கள் எந்தப் பகுதிக்காரர்கள், எந்தக் கட்சிக்காரர்கள் என்பதையும் யாரும் சேர்த்து ஃபார்வேர்ட் செய்வதில்லை. கென்னடி நாடு முழுக்க ஜெயித்தது ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகமான ஓட்டு வித்தியாசத்தில். அவ்வளவு மெல்லிய வித்தியாசத்துக்கு மழை, வெயில், மதம் என்று எதை வேண்டுமானாலும் காரணம் சொல்லலாம்.

தீர்ப்பு கெட்டுப்போகிற பண்டம் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் 1976. அந்த வருஷ முதல் விவாதமும் எங்கள் ஃபிலடெல்ஃபியாவில்தான், வால்னட் தெரு நாடக அரங்கில். நடுவில் ஒலி போய்விட்டது. ஜெரால்ட் ஃபோர்டும் ஜிம்மி கார்ட்டரும் ஒருவரோடு ஒருவர் பேசாமல், உட்காரவும் செய்யாமல், 27 நிமிடம் அப்படியே நின்றார்கள். அந்த அரங்கம் இன்னும் இருக்கிறது, அரசியல் சாசன மையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். மணி அடிப்பவனுக்கு அதுதான் கோயில். ஆனால் நான் சொல்ல வந்தது சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த இரண்டாவது விவாதம். ஊருக்கே தெரிந்த சங்கதிக்கு நேர்மாறாக, கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லை என்று ஃபோர்டு சொல்லிவிட்டார். அன்றிரவு உடனே ஃபோன் போட்டுக் கேட்டபோது ஃபோர்டுதான் நன்றாகச் செய்தார் என்றார்கள் ஜனங்கள். மறுநாள் முழுக்க டிவியும் பேப்பரும் அந்த ஒரு வாக்கியத்தையே அரைத்தன. மாலையில் கேட்டபோது கார்ட்டர் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார்! விவாதம் அதேதான், ஒரு வார்த்தை மாறவில்லை. தீர்ப்பை ஜனங்கள் வீட்டில் சமைக்கவில்லை, மறுநாள் கடையில் வாங்கியிருக்கிறார்கள்.

அதனால்தான் டிவி மேஜை நிபுணர்கள் கடைக்கு நான் போவதை விட்டுவிட்டேன். எட்டுப் பேர், ஒரே வாக்கியம், எட்டு டை. ‘ஸ்பின் அறை’ என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், வேட்பாளரின் ஆட்கள் வந்து எங்கள் ஆள்தான் பிரமாதம் என்று நிருபர்களிடம் சொல்லும் இடம். செப்டம்பர் 10 அன்று டிரம்ப் தானே நேரில் அங்கே போனார். மாப்பிள்ளையே பந்தி பரிமாற வந்தால் என்ன அர்த்தம் என்று மச்சானிடம் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

திரையின் அடியில் நெளியும் கோடு இன்னும் மோசம். முப்பது பேர் கையில் ஒரு திருகு இருக்கும், பிடித்தால் வலது, பிடிக்காவிட்டால் இடது. அந்தச் சராசரி நம் கண்முன்னால் ஓடும். 2010 பிரிட்டிஷ் தேர்தலின்போது ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். சுமார் 150 பேரை இரண்டு கூட்டமாகப் பிரித்து, விவாதம் ஓடும்போது ஒரு கூட்டத்துக்கு ஒருவர் பக்கமும் மற்றக் கூட்டத்துக்கு வேறொருவர் பக்கமும் சாய்கிற மாதிரி பொய்க் கோடு காட்டினார்கள். யாருக்குக் கோடு ஏறியதோ அவரே ஜெயித்தார் என்று இரண்டு கூட்டமும் நம்பின. அதற்குப் பிறகு கோடு வந்தால் நான் திரையின் அடியில் மாத காலண்டரைச் சாய்த்து வைத்துவிடுகிறேன். வேலை செய்கிறது.

இணைய க்ளிக் ஓட்டு பற்றிப் பேச ஒன்றுமில்லை. அதற்கு ஒரு தாத்தா உண்டு, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1980இல் ரீகன்-கார்ட்டர் விவாதம் முடிந்ததும் ஏ.பி.சி. தொலைக்காட்சி இரண்டு நம்பர் கொடுத்தது. கூப்பிட்டால் 50 சென்ட். ஏழு லட்சம் அழைப்புகள் போலக் குவிந்தன, ஒன்றுக்கு இரண்டு என்று ரீகன். காசு கொடுத்துக் கள்ள ஓட்டுப் போட வழி செய்த முதல் சேவை அதுவாகத்தான் இருக்கும். பந்தயச் சந்தையில் 2024 விவாத இரவில் ஹாரிஸ் விலை ஏறியது, மறுநாள் டிரம்ப்பின் ஊடக நிறுவனப் பங்கு 10 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. அக்டோபர் நடுவில் சந்தை மறுபக்கம் சாய்ந்துவிட்டது. அது தீர்ப்பு இல்லை, அன்றைய மூச்சு.

இப்போது அந்தக் காலி இடம்.

மறுநாள் புதன்கிழமை, எங்கள் தெருவில் மறுசுழற்சித் தொட்டி எடுக்கும் நாள். காலை ஏழு மணிக்குத் தொட்டியை உருட்டிக்கொண்டு போனேன். பக்கத்து வீட்டுக்காரரும் உருட்டிக்கொண்டு வந்தார். எழுபது தாண்டியவர், ஃபேர்லெஸ் ஹில்ஸ் இரும்பாலையில் வேலை பார்த்து, ஆலை மூடியதும் ஹீட்டர் ரிப்பேர் பழகிப் பிழைத்தவர். தோட்டத்தில் டிரம்ப் பலகை இல்லை, தொப்பி இல்லை. ஆனால் எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும். பார்த்தீங்களா என்றேன்.

“பார்த்தேனே. அந்தம்மா எங்க ஆளைத் தோலை உரிச்சுத் தொங்கவிட்டாங்க” என்றார். கொஞ்சமும் வருத்தம் இல்லாமல், எதிரணிக்காரன் சிக்ஸர் அடித்ததைச் சொல்வது போல. நாய் பூனை விஷயத்துக்குத் தலையில் கையை வைத்துக்கொண்டார். “அப்போ?” என்றேன். “அப்போன்னா என்ன அப்போ?” என்று என்னையே திருப்பிக் கேட்டார். தொட்டியைச் சாலையோரக் கோட்டுக்கு நேராக நிறுத்திவிட்டு, திரும்பிப் போகிற வழியில் நின்று சொன்னார்: “முதல் கேள்வி ஞாபகம் இருக்கா?”

எனக்கு இல்லை. உள்ளே வந்து நோட்டை எடுத்துப் பார்த்தேன். முதல் கேள்விக்கு நேராகக் காலி. விங்ஸ் வந்த நேரம் போலிருக்கிறது, ஓரத்தில் எண்ணெய்க் கறை இருந்தது. ராத்திரி பதிவைப் போட்டுத் திரும்பப் பார்த்தேன். மியூர் ஹாரிஸிடம் கேட்ட முதல் கேள்வி: நாலு வருஷத்துக்கு முன்னால் இருந்ததைவிட அமெரிக்கர்கள் இப்போது நன்றாக இருக்கிறார்கள் என்று நினைக்கிறீர்களா? 1980இல் ரீகன் கார்ட்டரை வீழ்த்திய அதே கேள்வி. ஆம் என்றோ இல்லை என்றோ ஹாரிஸ் சொல்லவில்லை. நான் நடுத்தரக் குடும்பத்தில் வளர்ந்தவள் என்று ஆரம்பித்து, தன் திட்டங்களுக்குப் போய்விட்டார். தடங்கல் இல்லாமல், அழகாக, நேரத்துக்குள் பேசினார். மணி அடிக்கிறவனுக்குக் குறை சொல்ல எதுவுமே இல்லை. கடைசி உரையில் டிரம்ப் அதே இடத்துக்குத்தான் திரும்பி வந்தார்: மூன்றரை வருஷமாக அங்கேதானே இருக்கிறார், சொல்வதையெல்லாம் ஏன் செய்யவில்லை? அதுவரை தூண்டிலில் துள்ளிக்கொண்டிருந்தவர் பேசிய உருப்படியான ஒரே நிமிடம். நான் அதற்கு மார்க் போடவில்லை, ஏனென்றால் அப்போது பில் வந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் அந்த 63-37 கணிப்பின் மற்றப் பக்கங்களைப் படித்தேன். பிரியாணி கிடைத்த சந்தோஷத்தில் முதல் வரியோடு நிறுத்தியிருந்தேன். பார்த்தவர்களில் 82 சதவீதம் பேர், இந்த விவாதம் என் ஓட்டை எந்த விதத்திலும் பாதிக்கவில்லை என்றிருக்கிறார்கள். 14 சதவீதம் யோசிக்க வைத்தது, ஆனால் மாறவில்லை. மனசு மாறியது 4 சதவீதம். எல்லாவற்றுக்கும் மேலே இது: பொருளாதாரத்தை யார் நன்றாகக் கையாள்வார் என்று அதே 605 பேரிடம் கேட்டதற்கு டிரம்ப் 55, ஹாரிஸ் 35. விவாதத்துக்கு முன்னால் அதே ஆட்களிடம் கேட்டபோது இருந்த இடைவெளி இதைவிடச் சற்றுக் குறைவு! அதாவது பேச்சில் தோற்ற ஆள், ஜனங்கள் கவலைப்படுகிற விஷயத்தில் ஒரு படி ஏறியே இறங்கியிருக்கிறார். என் பக்கத்து வீட்டுக்காரர் தொட்டியை வைத்துவிட்டுச் சொன்னதைத்தான் கடையும் சொல்லியிருக்கிறது, ஆனால் ஏழாவது பத்தியில்.

பத்து நாடுகள் அளவில் அறுபதுக்கும் மேற்பட்ட தேர்தல்களையும் ஐம்பதுக்கும் மேற்பட்ட டிவி விவாதங்களையும் எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வும் உண்டு. விவாதத்துக்கு முன்னும் பின்னும் அதே வாக்காளர்களைத் தொடர்ந்து போனதில், விவாதங்கள் ஓட்டை அசைத்ததற்குத் தடயம் இல்லை என்று முடித்திருக்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்கு ஜூன் 27 ஞாபகம் வந்தது. அதை எப்படிச் சேர்ப்பது? அன்று அட்லாண்டாவில் பைடன் தடுமாறியதை 5 கோடிப் பேர் பார்த்தார்கள். 24 நாளில், ஜூலை 21 அன்று, போட்டியிலிருந்தே விலகினார். இதைவிடப் பெரிய விளைவு எந்த விவாதத்துக்கும் இல்லை. ஆனால் அன்றைய கணிப்பிலும் ஓட்டு மாறியதாகச் சொன்னவர்கள் 5 சதவீதம்தான். அசைந்தது வாக்காளர் இல்லை. கட்சிப் பெரியவர்களும் நன்கொடைக்காரர்களும்தான் அசைந்தார்கள். அந்த ராத்திரியின் தீர்ப்பை யார் வாங்கினார்கள் என்பதுதான் விஷயம், அதற்கு எந்தக் கடையிலும் கணிப்புக் கிடையாது. இதை நான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

செப்டம்பர் கடைசியில் மச்சான் ஃபோன் செய்தார். பென்சில்வேனியா யாருக்கு என்று பந்தயம், இரண்டு ட்ரே, நீ ஹாரிஸ் நான் டிரம்ப் என்றார். நீதான் 63-37 என்று குதித்தாயே என்று சீண்டினார். நான் கட்டவில்லை. ஏழாவது பத்தியைப் படித்துவிட்டேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

நவம்பரில் பென்சில்வேனியா சுமார் 1.2 லட்சம் ஓட்டில் டிரம்ப்புக்குப் போனது. எங்கள் பக்ஸ் கவுண்டி 300 ஓட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில் அவர் பக்கம் சாய்ந்தது, 1988க்குப் பிறகு குடியரசுக் கட்சி வேட்பாளருக்கு முதல் தடவை. எங்கள் தெரு, அடுத்த தெரு, அந்தப் பக்கம் பெட்ரோல் பங்க் வரைக்கும் சேர்த்தால் 300 ஓட்டு வந்துவிடும். நான் யாருக்குப் போட்டேன் என்பது என் வீட்டிலேயே ரகசியம்.

ஆகவே வாங்கப் போகிறவர்களுக்கு: கணிப்பை எடுங்கள், நாலு நட்சத்திரம், ஆனால் முதல் வரியைக் கிழித்துவிட்டு ஓட்டு மாறியதா, பொருளாதாரத்தில் யார் என்ற இடத்திலிருந்து படியுங்கள். கோட்டுக்கு ஒன்று, நிபுணர் மேஜைக்கு ஒன்று, அதுவும் மேஜை நல்ல மரம் என்பதால். க்ளிக் ஓட்டுக்குப் பூஜ்யம். அந்த உணவகத்துக்கு 2028இலும் போவேன், வடைக்காக. ஃபோனில் பார்க்கிற பையன் இல்லாத மூலையாகப் பார்த்து உட்காருங்கள், விங்ஸை முதல் கேள்வி முடிந்த பிறகு ஆர்டர் பண்ணுங்கள்.

பிரியாணி தீபாவளிக்கு வந்து சேர்ந்தது. தேர்தல் முடிவு வந்த அன்று அம்மாவும் ஃபோன் செய்திருந்தார். ஊர்க் கோயிலில் அர்ச்சனையெல்லாம் செய்திருந்தார்களாம், துளசேந்திரபுரமே வாடிப்போய்க் கிடக்கிறதாம்.

“அன்னிக்கு ஜெயிச்சுட்டான்னு சொன்னியேடா?”

“அது பேச்சுப் போட்டிம்மா.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டார்.

“சரி, கப்பாவது குடுத்தாங்களா?”